அசல் பைத்தியம்

காசிக்குப் போய் வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்தமான காய் ஒன்றையும் கனி ஒன்றையும் கங்கையில் விட்டுவிட்டு வருவது வழக்கம். ஹனாய் நகரத்துக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டு வந்த என் நண்பர் ஒருவர், நாக்கையே அங்கே விட்டுவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரோடு வேறு எந்த ஊரிலும் வியட்நாமிய ஹோட்டலுக்குள் நுழைய முடியவில்லை. நுழைந்தால், வெளியே வருவதற்குள் எனக்கு இரண்டு வயது கூடிவிடுகிறது.

போன வருஷம் பாரிஸில் ஒரு கலியாணம். புதுச்சேரிக் குடும்பம், பெண் பாரிஸிலேயே பிறந்து வளர்ந்தவள். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே நாங்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஊர் சுற்றிப் பசி வந்ததும், பதின்மூன்றாவது வட்டாரத்தில் ஷுவாஸி அவென்யூவில் இருந்த ஒரு வியட்நாமியக் கடைக்குள் நுழைந்தோம். எழுபதுகளில் அந்தப் பக்கத்தில் பெரிய பெரிய அடுக்குவீடுகளைக் கட்டினார்கள்; பாரிஸ்காரர்கள் அவற்றில் குடிவர அவ்வளவாக ஆசைப்படவில்லை. 1975-க்குப் பிறகு வியட்நாமிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் லாவோஸிலிருந்தும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் வந்து குடியேறினார்கள். இன்று அந்தத் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும், எந்தக் கடையில் எலும்பு வேகிறது என்று மூக்கு சொல்லிவிடும்.

ஆளுக்கு ஒரு கிண்ணம் ஃபோ வந்தது. நான் ஃபோ என்று எழுதுகிறேனே தவிர, அந்த ஊர்க்காரர்கள் வாயில் அது ‘ஃப’வில் தொடங்கி, ஏதோ சந்தேகம் கேட்பதைப் போலச் சற்றே கீழே இறங்கி மேலே ஏறும். தமிழ் எழுத்தில் அதைப் பிடிக்க முடியாது, விட்டுவிடுவோம். மாட்டெலும்பை ராத்திரி முழுவதும் காய்ச்சிய தெளிந்த சாறு. அதில் சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கறுப்பு ஏலக்காய். தட்டையான அரிசி நூடுல்ஸ். மெல்லிய இறைச்சித் துண்டுகள். பக்கத்தில் ஒரு தட்டு நிறைய முளைகட்டிய பயறு, திருநீற்றுப் பச்சை இலை, எலுமிச்சை. மேஜைமேல் இனிப்பான கறுப்புச் சோயாச் சட்னி ஒரு பாட்டில், மிளகாய்ச் சாந்து ஒரு பாட்டில்.

நண்பர் தட்டைப் பார்த்தார். பாட்டில்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது அசல் இல்லை, ஓய்!”

இத்தோடு நின்றிருந்தால் பாதகமில்லை. பரிமாற வந்த பையனைக் கூப்பிட்டு, ஹனாயில் பயறு போட மாட்டார்கள், இலை போட மாட்டார்கள், கறுப்புச் சட்னியைக் கண்ணிலும் காட்ட மாட்டார்கள் என்று பிரசங்கம் செய்தார். அவனுக்கு இருபது வயது இருக்கும். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். அஜினோமோட்டோ போடுகிறீர்களா, போட்டால் எனக்குத் தலை வலிக்கும் என்று அடுத்த விசாரணை. அவர் கொண்டாடுகிற ஹனாய் ஃபோவில் அது தாராளமாகவே விழுகிறது என்ற ரகசியத்தை நான் அப்போது உடைக்கவில்லை. கடைசியில் பில் வந்தது. கிண்ணம் ஒன்று 12 யூரோ.

“ஒரு சூப்புக்கு இவ்வளவா? ஹனாயில் இந்தக் காசுக்கு ஐந்து கிண்ணம் குடிக்கலாமே!”

இதே மனிதர் முந்தின நாள் ராத்திரி ஒரு பிரெஞ்சு ஹோட்டலில் வெங்காய சூப்புக்கு 14 யூரோ கொடுத்தார். அதில் இருந்தது வெங்காயம், ரொட்டித் துண்டு, மேலே கொஞ்சம் பாலாடைக்கட்டி. மறு பேச்சில்லாமல் கொடுத்ததோடு, பரிமாறியவனுக்கு நன்றி வேறு சொன்னார்.

“அசல் இல்லை” என்பதும் “விலை அதிகம்” என்பதும் வெவ்வேறு புகார்கள் போலத் தோன்றும். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்பது என் அபிப்பிராயம். நண்பர் ஒருவர்மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனால் இப்படிப்பட்டவர்கள் இப்போது ஊருக்கு நூறு பேர் ஆகிவிட்டார்கள். அவர்கள் வாயை யாராவது ஒருவர் ஒரு தடவையாவது அடைக்க வேண்டாமா?

முதலில் அசலை எடுத்துக்கொள்வோம். ஃபோ என்பது ஏதோ புராண காலத்திலிருந்து ஹனாயில் காய்ச்சிக்கொண்டிருக்கிற தீர்த்தம் என்று இவர்கள் நினைக்கிறார்கள். அதன் வயது ஒரு நூறு, நூற்றிருபது வருஷம். அவ்வளவுதான். வடக்கே நாம் டின் பகுதியிலும் ஹனாயிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெருவுக்கு வந்த பண்டம் அது. அதற்கு முன்னால் அந்தத் தேசத்தில் மாடு என்றால் ஏர் இழுக்கிற ஜீவன். பிரெஞ்சுக்காரன் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு மாட்டிறைச்சி வேண்டியிருந்தது. அவன் சதையைத் தின்றான், எலும்பு மிஞ்சியது. மிஞ்சிய எலும்பைக் காய்ச்சி, சீனர்கள் விற்றுக்கொண்டிருந்த நூடுல்ஸ் வகையோடு சேர்த்து, காவடி போல் தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக விற்றார்கள். பிரெஞ்சு சூப்பிலிருந்து வந்தது என்று ஒரு கட்சியும், சீனக் கடையிலிருந்து வந்தது என்று ஒரு கட்சியும் இன்றும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கட்சி ஜெயித்தாலும் ஒன்று நிச்சயம். இந்த ‘அசல்’ பிறக்கும்போதே கலப்பாகப் பிறந்தது.

வளர்ந்ததும் அப்படியே. 1954-ல் ஜெனீவாவில் உட்கார்ந்து பதினேழாவது அட்சரேகையில் தேசத்தை இரண்டாக வெட்டினார்கள். வடக்கிலிருந்து எட்டு, ஒன்பது லட்சம் ஜனங்கள் தெற்கே போனார்கள். பெட்டி படுக்கையோடு சட்டியும் போயிற்று. ஸைகோன் வளமான ஊர். மீகாங் ஆற்றுப் பாசனத்தில் கீரைக்கும் இலைக்கும் பஞ்சமில்லை. தெற்கத்தியார் நாக்குக்கு இனிப்பும் வேண்டும். பயறு விழுந்தது, இலை விழுந்தது, கறுப்புச் சட்னி வந்தது. இதைக் கெடுதல் என்று சொல்ல ஹனாய்க்காரனுக்கு உரிமை இருக்கலாம். அவனுக்கும் ஸைகோன்காரனுக்கும் அது பங்காளிச் சண்டை. பத்து நாள் விடுமுறைக்குப் போன நமக்கு அதில் என்ன வேலை?

அந்த ஸைகோனில் ஃபோ பின் என்று ஒரு சின்னக் கடை உண்டு. கீழே அமெரிக்கச் சிப்பாய்கள் வந்து ஃபோ குடித்துவிட்டுப் போவார்களாம். மாடியில் உட்கார்ந்துகொண்டு எதிர்த் தரப்பார் 1968-ஆம் வருஷத்து டெட் தாக்குதலுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். இது கதை அல்ல, நடந்தது. ஒரே அடுப்பு, ஒரே சாறு. அதில் எது அசல் வாடிக்கை என்று என் நண்பர்தான் சொல்ல வேண்டும்.

ஹனாயில் அதே காலத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இறைச்சிக்குத் தட்டுப்பாடு. சர்க்கார் நடத்திய சாப்பாட்டுக் கடைகளில் நூடுல்ஸும் வெறும் சாறும் மட்டும் கொடுத்தார்கள். ஊரின் மேல் அப்போது ஆளில்லாத அமெரிக்க வேவு விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. ஜனங்கள் அந்தக் கிண்ணத்துக்கு வைத்த பெயர், ‘விமானி இல்லாத ஃபோ’. பட்டினியிலும் இப்படி ஒரு பெயர் வைக்கிற ஜனங்களை யார் ஜெயிக்க முடியும்? யுத்தம் முடிந்த பிறகும் 1986-ல் சர்க்கார் கொள்கை மாறுகிற வரையில் பங்கீட்டு அட்டை ராஜ்யம்தான். அந்த வருஷங்களில் எலும்பையும் இறைச்சியையும் கையளந்து போடாமல் ஃபோ காய்ச்ச முடிந்த இடம் ஹனாய் அல்ல. கலிபோர்னியாவில், ஆரஞ்சு மாவட்டத்தில், அகதிகள் குடியேறிய வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊர். அப்படியானால் 1980-ல் அசல் எங்கே இருந்தது? இறைச்சி இல்லாத ஹனாய்க் கிண்ணத்திலா, தேசம் இல்லாத கலிபோர்னியாக் கிண்ணத்திலா? நண்பரே, பதில் சொல்லும்!

வியட்நாமியர்கள் குடியேறிய ஊர்களில் ஹோட்டல் பலகைகளில் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருக்கலாம். ஃபோ 54, ஃபோ 75 என்று பெயரோடு எண் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நான் வெகுகாலம் அதைக் கிளை எண் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை கிளைகளுக்கும் தாய்க் கடை எங்கே என்றுகூட ஒருவரிடம் கேட்டு அசடு வழிந்திருக்கிறேன். 54 என்பது தேசம் பிளந்த வருஷம். 75 என்பது ஸைகோன் விழுந்த வருஷம். எல்லா எண்ணும் அப்படி அல்ல. சில வெறும் கதவு எண்கள், சில ராசி எண்கள். ஆனாலும் வீடு போன வருஷத்தைக் கடைப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு சூப் விற்கிறவர்களிடம் போய், “உங்களுடையது அசல் இல்லை” என்று சொல்வதற்கு ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

அந்த நெஞ்சழுத்தம் எனக்கும் ஒரு தடவை இருந்தது. அதை மறைத்துவிட்டு நண்பரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

2009-ல் நான் முதல் தடவையாக ஹனாய் போனேன். பாட் டான் தெருவில் விடியற்காலையில் வரிசையில் நின்று, காசைக் கொடுத்து, கிண்ணத்தை நானே தூக்கிக்கொண்டு போய்க் குந்திக் குடித்தேன். பூண்டு ஊறிய வினிகர் இரண்டு சொட்டு, வெங்காயத்தாள், பொரித்த மாவுக் குச்சி. பிரமாதம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் மெல்போர்னில் ஒரு வேலையாகத் தங்கியிருந்தபோது, ரிச்மண்டில் விக்டோரியா தெருவில் ஒரு கடையில் ஃபோ சாப்பிட்டேன். பணம் கட்டும் இடத்தில் ஓர் அம்மாள்; அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நன்றாக இருந்ததா என்று கேட்டார். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் ஹனாய் பார்த்த கண்ணாயிற்றே! “நன்றாக இருந்தது, ஆனால் ஹனாயில் இப்படி இனிப்பாக இருக்காது” என்றேன்.

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. சில்லறையை எண்ணிக்கொண்டே, உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். “ஹனாயை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் ராக் ஜியா. 1979-ல் படகில் வந்தோம். பிடோங் தீவில் ஒன்பது மாசம். எங்கள் அம்மா இப்படித்தான் செய்வாள். அம்மா படகில் ஏறவில்லை.”

அவ்வளவுதான். சில்லறையைக் கொடுத்துவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து நன்றாக இருந்ததா என்று கேட்டார்.

பிடோங் என்பது மலேசியக் கடற்கரைக்கு அப்பால் உள்ள தீவு. சுற்றளவு பார்த்தால் நம் ஊர் ஏரி ஒன்றுக்குக் காணாது. 1979-ன் நடுவில் அதில் ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர் அடைந்து கிடந்தார்கள். 1975-லிருந்து இருபது வருஷத்தில் படகில் வெவ்வேறு கரைகளில் வந்து சேர்ந்த வியட்நாமியர்கள் எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. சேராதவர்கள் எத்தனை பேர் என்ற சரியான கணக்கு யாரிடமும் இல்லை. இவ்வளவையும் தாண்டி அந்த அம்மாள் கொண்டுவந்து சேர்த்தது ஒரு ருசி. தாயார் கையில் எவ்வளவு சர்க்கரை விழும் என்ற நினைவு. அதை ஹனாய்த் தராசில் நிறுத்து, குறைகிறது என்று தீர்ப்புச் சொன்னேன் நான். பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. ஃபோ கிண்ணம் முன்னால் வந்து உட்காரும்போதெல்லாம் அந்தச் சில்லறைச் சத்தம் கேட்கிறது.

இந்த விஷயத்தில் எனக்குத் துணைக்கு ஓர் எழுத்தாளர் இருக்கிறார். வியட்நாமிய வசன கர்த்தாக்கள் சாப்பாட்டைப் பற்றி எழுத வெட்கப்படுகிறவர்கள் அல்ல. தாக் லாம் ஹனாய்த் தெருக்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1943-ல் வந்தது. அதில் தெருப் பண்டங்களுக்கு ராஜ மரியாதை. நுவென் துவான் 1957-ல் ஃபோவைப் பற்றியே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நான் சொல்ல வந்தது வூ பாங் என்பவரை. 1954-ல் மனைவியை ஹனாயில் விட்டுவிட்டுத் தெற்கே போனார். ஹனாயின் ருசியான பண்டங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1960-ல் ஸைகோனில் அச்சாயிற்று. எல்லை மூடிக்கிடந்தது, திரும்பிப் போக முடியாது. மனைவி 1967-ல் ஹனாயில் காலமானார். ஹனாய்ச் சாப்பாட்டைப் பற்றி ஆகச் சிறந்த புத்தகங்களில் ஒன்று ஹனாயில் உட்கார்ந்து எழுதி முடிக்கப்படவில்லை. கிடைக்காத இடத்தில் உட்கார்ந்து எழுதி முடிக்கப்பட்டது. வெளிதேசத்து வியட்நாமியச் சமையலறைகளில் முக்கால்வாசி அவருடைய ஜாதிதான். அவர் பேனாவால் செய்ததை இவர்கள் அகப்பையால் செய்கிறார்கள்.

போன வழியைப் பொறுத்து ருசியும் மாறும் என்பது இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தெற்கத்தி ருசி ஓங்கி நிற்கும்; படகில் போனவர்களில் தெற்கத்தியார் அதிகம். பிராகா நகரத்துக்குப் போனால் கதை வேறு. அங்கே இருக்கிற வியட்நாமியர்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்து, சோஷலிஸ்ட் சர்க்கார்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், படிக்கவும் ஆலையில் வேலை செய்யவும் போனவர்களும் அவர்களைத் தொடர்ந்து போனவர்களும். ஊர்க் கோடியில் ஸாபா என்று ஒரு பெரிய சந்தையே வைத்திருக்கிறார்கள். பழைய கிழக்கு பெர்லினிலும் அப்படியே. டாங் சுவான் என்று ஹனாய்ச் சந்தையின் பெயரையே வைத்துவிட்டார்கள். அங்கெல்லாம் வடக்கத்தி ஃபோதான் ஓங்கி நிற்கிறது. என் நண்பரை பிராகாவுக்கு அழைத்துப் போனால் “அசல்!” என்று துள்ளிக் குதிப்பார். கம்யூனிஸ்ட் ஒப்பந்தத்தில் போனது அசல், கள்ளத் தோணியில் போனது போலி என்று ஆகிறது! இது நாக்கின் தீர்ப்பா, பாஸ்போர்ட்டின் தீர்ப்பா?

விலைக்கு வருகிறேன்.

ஷுவாஸி அவென்யூவில் வியட்நாமியனுக்கு வாடகை ஒன்று, பிரெஞ்சுக்காரனுக்கு வாடகை ஒன்று என்று கிடையாது. மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் ஒரே கட்டணம். எலும்பு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் வேக வேண்டும். நுரை எடுக்க ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இலைகளை ஒவ்வொன்றாக ஆய்ந்து கழுவ வேண்டும். வெங்காய சூப்பை எந்தக் கணக்கில் போட்டாலும் இந்த வேலைக்குக் கிட்டே வராது. இருந்தும் வெங்காய சூப்புக்கு 14 யூரோ நியாயம், ஃபோவுக்கு 12 யூரோ அக்கிரமம். ஏன்? ஏழை தேசத்துச் சமையல் ஏழை விலைக்குத்தான் கிடைக்க வேண்டும் என்று நம் மனசுக்குள் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் பேராசிரியராக இருக்கும் கிருஷ்ணேந்து ராய் இதைப் பற்றி 2016-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஒரு சமையலுக்கு அமெரிக்காவில் கிடைக்கிற விலையும் மதிப்பும், அந்தச் சமையலுக்கு உரிய ஜனங்களுக்குக் கிடைக்கிற மதிப்போடு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பது அவர் வாதம். ஜப்பான் பணக்கார தேசமானதும் ஜப்பானியச் சாப்பாடும் பணக்காரச் சாப்பாடாகிவிட்டது. ஆகவே நாம் பில்லைப் பார்த்து முகம் சுளிப்பது சூப்பைப் பார்த்து அல்ல.

மலிவாக இருந்தால்தான் அசல் என்று சொல்லும்போது நாம் கேட்பது என்னவென்றால், சமையல்காரர் குடும்பம் ஊரில் இருந்ததைப் போலவே இங்கேயும் ஏழையாக இருந்து காட்ட வேண்டும் என்பது. குட்டை ஸ்டூல், அழுக்குச் சுவர், கூலி வாங்காத பெண்டாட்டி பிள்ளைகள். அந்தக் காட்சிக்குத்தான் நாம் அசல் என்று பெயர் வைத்திருக்கிறோம். சமையல்காரர் மகன் டாக்டருக்குப் படித்துவிட்டால் கடையை மூடிவிடுவார்கள். உடனே “ஐயோ, பழைய ருசி போயிற்றே” என்று நாம் ஒப்பாரி வைப்போம். அவன் டாக்டராவதற்குத்தானே அவ்வளவு எலும்பும் வெந்தது?

சரி, ஹனாய்க்குப் போகிறவர்களாவது அங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? 2016 மே மாதம் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவும் சமையற்காரராக இருந்து எழுத்தாளரான அந்தோனி போர்டெய்னும் ஹனாயில் ஒரு சாதாரணக் கடையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, சுட்ட பன்றியிறைச்சியும் சேவையும் சேர்ந்த பூன் சா சாப்பிட்டார்கள். இருவருக்குமாக ஆறு டாலர் செலவு. நல்ல காரியம். பிறகு கடைக்காரர்கள் அந்த மேஜையை, தட்டு, குச்சி, காலி பீர் பாட்டில் சகிதம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். என் நண்பர் அதன் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படத்தை எனக்கு மூன்று தடவை காட்டியிருக்கிறார். என்ன சாப்பிட்டீர் என்று கேட்டால் யோசிக்கிறார். கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. வருகிறவர்கள் கேட்பதை அவர்கள் கொடுக்கிறார்கள். அசல் பைத்தியம் முற்றினால் கண்ணாடிப் பெட்டியில்தான் போய் நிற்கும் என்பதற்காகச் சொன்னேன். 2023-ல் பிரெஞ்சு டயர் கம்பெனியின் நட்சத்திரப் புத்தகமும் ஹனாய்க்கும் ஸைகோனுக்கும் வந்துவிட்டது. முதல் வருஷத்தில் நட்சத்திரம் பெற்ற நான்கில் ஒன்று ஜப்பானியக் கடை!

வேறொரு கோஷ்டியும் உண்டு. லண்டனில் ஒரு ஹோட்டல் கம்பெனி ‘ஃபோ’ என்ற சொல்லையே தன் வியாபார முத்திரையாகப் பதிவு செய்துகொண்டு, அந்தச் சொல்லைப் பலகையில் எழுதியிருந்த ஒரு சின்னக் குடும்பக் கடைக்கு 2013-ல் நோட்டீஸ் அனுப்பியது. ஜனங்கள் திட்டித் தீர்த்த பிறகு பின்வாங்கியது. இட்லிக்கு ஒருவன் பட்டா வாங்கிக்கொண்டு நம் பாட்டிக்கு நோட்டீஸ் விட்டால் எப்படி இருக்கும்! இவர்களையும் அசல் பைத்தியங்களையும் நான் ஒரே வரிசையில்தான் வைப்பேன். ஒருவர் சொல்லுக்குச் சொந்தம் கொண்டாடுகிறார், மற்றவர் ருசிக்கு.

அப்படியானால் வெளிதேசத்து வியட்நாமிய ஹோட்டல்கள் எல்லாம் நல்லவை, வாயை மூடிக்கொண்டு தின்றுவிட்டு வா என்கிறாயா என்று கேட்பார்கள். யார் சொன்னது? மோசமான கடைகள் ஏராளம். டப்பாப் பொடியை வெந்நீரில் கரைத்து ஃபோ என்று ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நூடுல்ஸைக் கூழாக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சீனம், தாய்லாந்து, ஜப்பான் எல்லாவற்றையும் சேர்த்து இருநூறு பண்டம் அச்சடித்து, இருநூறையும் ஒரே சட்டியில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வாடின இலையைக் கொண்டுவந்து வைத்தால் திருப்பி அனுப்புங்கள். சாறு கலங்கி, கொழுப்பு மிதந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். சாப்பிடுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு. நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை. இந்த இரண்டு வார்த்தை போதாதா? இவற்றைச் சொல்ல ஹனாய் டிக்கெட் தேவையில்லை. நாக்கு ஒன்று இருந்தால் போதும். “அசல் இல்லை” என்பது ருசி பார்ப்பதே இல்லை. அது ஜாதகம் பார்ப்பது.

நமக்கும் இதில் ஒரு சம்பந்தம் இருப்பதால்தான் இவ்வளவு வாய் நீளுகிறது. ஸைகோனில் மத்தியச் சந்தைக்குப் பக்கத்தில் நகரத்தார் காலத்து மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. வியட்நாமியர்கள் வந்து ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். லேவாதேவிக்குப் போனவர்களும், பிரெஞ்சுச் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போன புதுச்சேரி, காரைக்கால்காரர்களும் விட்டுவந்தவற்றில் ஒன்று ‘கா ரி’ என்ற சொல். நம்முடைய கறிதான். கோழி, தேங்காய்ப் பால், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, எலுமிச்சைப் புல் எல்லாம் சேர்த்து, மஞ்சளாக, இனிப்பாக ஒரு குழம்பு. அதை பிரெஞ்சு ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். நான் ஸைகோனில் அதைச் சாப்பிட்டபோது, “இது அசல் கறி இல்லை” என்று சொல்லக்கூடிய ஒரே ஜாதி நாம்தான் என்று தோன்றியது. சொன்னேனா? மெல்போர்னில் சூடு பட்ட பூனை நான். இன்னொரு ரொட்டி வாங்கி வழித்துச் சாப்பிட்டேன்.

1954 ஜூலையில் ஜெனீவாவில் அந்தத் தேசம் பிளந்தது. அதே வருஷம் நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். அந்த வருஷங்களில் ஸைகோனிலிருந்து புதுச்சேரிக்குத் திரும்பிய குடும்பங்கள் பல. அவற்றில் சிலவற்றில் வீட்டு எஜமானி வியட்நாமியப் பெண். அரிசித் தாளில் பூரணம் வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற ‘சா யோ’ அவர்களோடு வந்து, இன்றும் புதுச்சேரியில் ‘சாய்யோ’ என்ற பெயரில் சில வீடுகளில் விசேஷப் பண்டமாக இருக்கிறது.

பாரிஸ் கலியாணத்தில் சாம்பாருக்கும் பாயசத்துக்கும் முன்னால் அது வந்தது. பெண்ணின் கொள்ளுப் பாட்டி, எண்பது வயதுக்கு மேல், கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எந்தத் தட்டு எந்தப் பந்திக்குப் போக வேண்டும் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். பிறந்தது ஸைகோன் என்று யாரோ சொன்னார்கள். என் நண்பர் விடுவாரா? ஒன்றைக் கடித்துக்கொண்டே பக்கத்தில் போய், “ஏன் பாட்டி, இது ஸைகோன் பக்குவமா?” என்று கேட்டார்.

“ஸைகோன்ல எங்க அம்மா பன்னிக்கறியும் நண்டும் வச்சுச் சுருட்டுவாங்க. அவங்க அந்த ஊருக்காரங்க. புதுச்சேரிக்கு வந்ததும் எங்க அப்பாவைப் பெத்த ஆயா அதையெல்லாம் அடுப்பங்கரைப் பக்கம் விடலே. அப்புறம் ஆட்டுக் கொத்துக்கறி போட்டுச் செய்ய ஆரம்பிச்சாங்க. இங்கே என் பேத்தி கோழி போடுறா, கறிவேப்பிலை வேற கிள்ளிப் போடுறா. ஏன் தம்பி, நல்லா இல்லையா?”

நண்பர் வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். நான் அவர் முழங்கையைப் பிடிக்கத் தயாராக எழுந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பாட்டியைப் பார்த்தார், கையில் இருந்த மிச்சப் பாதியைப் பார்த்தார். அதையும் வாயில் போட்டுக்கொண்டு மென்று முழுங்கினார்.

“இன்னும் ரெண்டு வைக்கச் சொல்லுங்க பாட்டி” என்றார்.